கண் எந்தக் கண்டத்தில் இருக்கிறது: ஒரு புழுவின் பெயரைத் தேடி மலைப்பாதையில் 6 நாள்

முதல் நாள்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தட்டைப் பாறை கிடக்கிறது. அதன்மேல் மிளகைவிடச் சற்றுப் பெரிய கரும்பச்சை மணிகள் பத்துப் பதினைந்து சிதறிக் கிடந்ததைக் கண்டதும் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டேன். ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துக் கைவில்லையால் பார்த்தபோது, நீளவாக்கில் 6 பள்ளங்கள் ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. பெரிய அந்துப்பூச்சிப் புழுக்களின் எச்சம் இப்படித்தான் இருக்கும். குடலின் கடைசிப் பகுதியில் உள்ள மடிப்புகள் எச்சத்தின்மேல் பதித்துவிடும் அச்சு அது. மணிகள் ஈரமாக இருந்ததால் புழு இன்னும் தலைக்கு மேலேதான் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

பாறைக்கு நேர் மேலே ஒரு கொடி படர்ந்திருந்தது. அதன் இலைகள் சில காம்பு மட்டும் எஞ்சும்படி தின்னப்பட்டிருந்தன. பசுமையான புழுவையே மனத்தில் வைத்துக்கொண்டு தேடியதால் அரை மணி நேரம் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. உடன் வந்த நண்பர் தாவரங்களை நன்கு அறிந்தவர். அவர்தான் காய்ந்த தண்டு என்று நான் இரண்டு முறை கடந்துபோன ஒன்றைச் சுட்டிக் காட்டினார். ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நீளம், மண்ணின் பழுப்பு நிறம், வால்முனையில் மெல்லிய கொம்பு. அந்தக் கொம்பைப் பார்த்தவுடனேயே இது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த புழு என்று சொல்லிவிடலாம். கொம்புப்புழு என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

கொடியைச் சற்று வளைத்தபோது அது அதிர்வை உணர்ந்துகொண்டது. தலையை உள்ளே இழுத்து, உடலின் முன்பகுதியைப் புடைக்கச் செய்து, இரண்டு பெரிய வட்டக் கண்களை எங்கள் பக்கம் திருப்பியது. அவை உண்மையான கண்கள் அல்ல, தோலில் அமைந்த கண்புள்ளிகள். ஆனாலும் ஒரு குட்டிப் பாம்பின் முகத்துக்கு முன் நிற்பதுபோல நான் ஓர் அடி பின்வாங்கினேன். புழுவைத் தின்ன வரும் சிறு பறவைக்கும் இப்படித்தான் இருக்கும்.

அந்தி மங்கிவிட்டது. கைவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தலைக்குப் பின்னால், மார்புப் பகுதியில், ஒரு சோடிக் கண்புள்ளிகள் இருப்பது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழுவுக்கு உரிய அடையாளம். உயிரினங்களுக்கு இருசொல் அறிவியல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு விவரித்த இனம் அது. இன்றைய அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரியை. அந்தப் புழு வழக்கமாகப் பச்சை நிறத்தில் இருக்கும் என்றாலும் கூட்டுப்புழுவாகும் முன் மங்கிக் கருமை கலந்த பழுப்பாக மாறும்; இதன் பழுப்பு நிறத்துக்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆகவே பெயரை டாஃப்னிஸ் நேரியை என்று குறித்து வைக்கிறேன்.

இரண்டாம் நாள்

நேற்று எழுதிய பெயர் தவறு. அதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். பிழை எங்கே நேர்ந்தது என்பதை முறையாகச் சொல்வது, சரியான பெயரை மட்டும் சொல்வதைவிடப் பயன்படும் என்று நம்புகிறேன்.

விடிந்ததும் பாறைக்குத் திரும்பினோம். நண்பர் புழுவைப் பார்க்கவே இல்லை. நேராகக் கொடியிடம் போய், ஓர் இலைக்காம்பைக் கிள்ளி என் கண்ணெதிரே நீட்டினார். "பாலே வரலை, பாருங்க. நேத்து நீங்க அரளின்னு சொன்னப்பவே எனக்கு நெருடுச்சு" என்றார். காம்பின் முனையில் தெளிந்த நீர்த்துளி ஒன்று திரண்டு நின்றது. வெண்மை சிறிதும் இல்லை. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டாஃப்னிஸ் நேரியையின் புழு பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் செடிகளைத்தான் தின்னும். கிள்ளினால் பால் வடியும் செடிகள் அவை. நண்பர் அடுத்துக் காட்டியது பற்றுக்கம்பி. அது இலைக்கோணத்திலிருந்து முளைக்காமல், கணுவில் இலைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து முளைத்திருந்தது. திராட்சைக் குடும்பத்தின் அடையாளம் அது. புழுவின் உடலில் உள்ள குறிகளைப் படிக்கத் தொடங்கும் முன் அது எந்தச் செடியின்மேல் அமர்ந்து எதைத் தின்கிறது என்று கேட்காமல் விட்டது என் முதல் பிழை. தின்கிறது என்ற சொல் இங்கே முக்கியமானது. கூடு கட்ட இடம் தேடி அலையும் புழு எந்தச் செடியிலும் ஏறி இருக்கும், அதைக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. அதைப் புரிந்துகொள்ளப் புழுவின் உடலை ஒரு முறை முன்னிருந்து பின்னாக நடந்து பார்க்க வேண்டும். அந்துப்பூச்சிப் புழுவின் உடல் தலையையும், அதன் பின் வரிசையாக வரும் வளையம் போன்ற 13 கண்டங்களையும் கொண்டது. அவற்றுள் முதல் 3 மார்புக் கண்டங்கள், அடுத்த 10 வயிற்றுக் கண்டங்கள். ஒவ்வொரு மார்புக் கண்டத்தின் அடியிலும் ஒரு சோடி உண்மைக் கால்கள் உண்டு. அவை கூர்மையான, மூட்டுள்ள, கொக்கி போன்ற சிறு கால்கள். அதன் பின் வரும் முதல் இரண்டு வயிற்றுக் கண்டங்களில் கால்களே கிடையாது. பின்னர் மூன்றாம் கண்டம் முதல் ஆறாம் கண்டம் வரை ஒவ்வொன்றிலும் ஒரு சோடிச் சதைப்பற்றான போலிக்கால்கள், கடைசிக் கண்டத்தில் இறுகப் பிடிக்கும் ஒரு சோடி. புழுவின் மேல்பக்கம் எந்தக் கண்டம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் நிறங்கள் குழப்பும்போது, அடிப்பக்கத்துக் கால்களே அளவுகோலாகின்றன. மேலே உள்ள ஒரு குறியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இறக்கி, அது எந்தக் காலில் போய் முட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

நேற்று நான் பார்த்தது அஞ்சிச் சுருங்கிய புழுவை. அந்த நிலையில் தலையும் மார்புக் கண்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கி, அவற்றுக்குப் பின்னால் உள்ள கண்டம் புடைத்து முன்னே வந்து நிற்கும். அதனால்தான் கண்புள்ளி தலையை ஒட்டி, மார்பிலேயே இருப்பதுபோலத் தோன்றியது. இன்று நாங்கள் இருவரும் கொடியைத் தொடாமல், மூச்சுக்காற்றும் அதன்மேல் படாமல் எட்டி உட்கார்ந்து காத்திருந்தோம். கால் மணி நேரம் கழித்து அது மெல்லத் தலையை நீட்டியது. குறுகிய கழுத்துபோல் மூன்று கண்டங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஓர் இலையின் ஓரத்தை மூன்று சோடி உண்மைக் கால்களாலும் பற்றிக்கொண்டு மேலிருந்து கீழாக அரிந்து தின்னத் தொடங்கியது. அப்போது கண்புள்ளியிலிருந்து கீழே பார்த்தேன். அதன் அடியில் கால் இல்லை. மூன்றாவது சோடி உண்மைக் கால்களுக்குப் பின்னே, வெறுமையான முதல் வயிற்றுக் கண்டத்தின்மேல் அது அமர்ந்திருந்தது. அதற்கு அடுத்த கண்டத்தில், நேற்று நான் கவனிக்கவே தவறிய, இன்னும் சிறிய ஒரு கண்புள்ளி இருந்தது. அதற்கப்பால் ஒரு வெளிறிய கோடு உடலின் பக்கவாட்டு மேற்புறத்தில் ஓடிக் கொம்பின் அடியில் சென்று சேர்ந்தது.

டாஃப்னிஸ் நேரியையின் கண்புள்ளிகள் மூன்றாம் மார்புக் கண்டத்தில், அதாவது மூன்றாவது சோடி உண்மைக் கால்களுக்கு நேர் மேலே இருக்கும். அவை நீலமும் வெண்மையும் கலந்து கருவிளிம்பு கட்டியவை. அதன் பக்கவாட்டில் ஓடும் வெண்கோட்டைச் சுற்றிச் சிறு வெண்புள்ளிகள் தூவியதுபோல் இருக்கும். வளர்ந்த புழுவின் கொம்பு குட்டையாகவும் மஞ்சளாகவும் கீழ்நோக்கி வளைந்தும் இருக்கும். எங்கள் புழுவின் கண்புள்ளி கருமையான நடுப்பகுதியும் மஞ்சள் வளையமும் கொண்டது. கொம்பு மெலிந்து நேராக நீண்டது. கண்டம் ஒன்று தள்ளிப்போனதும் பெயரே மாறிவிட்டது. முதல் வயிற்றுக் கண்டத்தில் பெரிய கண்புள்ளி, இரண்டாவதில் சிறியது, உணவு திராட்சைக் குடும்பத்துக் கொடி: இந்த மூன்றும் சேர்ந்து காட்டுவது ஹிப்போடியான் செலேரியோ. இதுவும் லின்னேயஸ் 1758இல் விவரித்த இனமே. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கிறது. பறந்து நெடுந்தொலைவு வலசை போய் ஐரோப்பாவுக்கும் சென்று சேரும். திராட்சைக் கொடியைத் தவிரச் சேம்பின் இலையையும் விரும்பித் தின்னும். அதன் புழு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். ஆகவே நேற்று நான் பழுப்பு நிறத்துக்குக் கற்பித்த காரணம் தேவையே இல்லாதது. ஒரு பெயரை முதலில் முடிவு செய்துவிட்டுப் பொருந்தாத அடையாளங்களுக்குச் சமாதானம் தேடினால் எந்தப் புழுவையும் எந்தப் பெயருக்குள்ளும் அடைத்துவிட முடியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹிப்போடியான் பேரினத்தின் வேறு சில இனங்களின் புழுக்கள் இதற்கு மிக நெருங்கிய தோற்றம் உடையவை. கண்புள்ளியின் இடமும் உணவுத்தாவரமும் சேர்ந்து பெயரை மிக வலுவாகச் சுட்டுகின்றன. ஐயத்துக்கு இடமில்லாத சான்று, கூட்டிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சிதான். அதன் முன்சிறகில் குறுக்காக ஓடும் வெள்ளிக்கோடும் பின்சிறகின் அடியில் உள்ள சிவப்பும் யாரையும் ஏமாற்றா.

நண்பகலுக்குப் பின் பாதி மலை ஏறி, வழியில் உள்ள தங்கும் குடிலை அடைந்தோம்.

மூன்றாம் நாள்

விடியற்காலை முதல் மழை. குடிலை விட்டு வெளியே போக வழியில்லை.

இரண்டு நாட்களில் எடுத்த படங்களை எல்லாம் வரிசைப்படுத்தினோம். முதல் நாள் எடுத்த 22 படங்களில் 20 படங்கள் புழுவின் முகத்தைப் பார்த்து எடுத்தவை. அழகாக இருந்தன, ஆனால் அவற்றில் ஒன்றைக்கொண்டும் கண்டங்களை எண்ண முடியவில்லை. இரண்டாம் நாள் பக்கவாட்டில் எடுத்த ஒரே ஒரு மங்கலான படம் அத்தனைக்கும் விடை சொல்லியது. இனிமேல் எந்தப் புழுவைக் கண்டாலும் முதல் படம் பக்கவாட்டில், கால்கள் எல்லாம் தெரியும்படி எடுப்பது என்று உறுதி செய்துகொண்டேன். அடுத்து முதுகு, அடுத்து தலையின் முன்பக்கம், அடுத்து வால்முனை, கடைசியாகச் செடியின் இலையும் தண்டும் சேரும் இடம். வால்முனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புழுக்களின் அடையாளம் எத்தனையோ முறை அங்கேதான் இருக்கிறது.

மழை ஓயாத பிற்பகலில் நண்பரிடம் மரியா சிபில்லா மேரியனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். புழுவைத் தேடி ஒருவர் மேற்கொண்ட பயணங்களில் அவருடையதைவிடத் துணிவானது எனக்குத் தெரியாது. 1647இல் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கினார். புழுக்கள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகப் பிறக்கின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. 1699இல், தம் 52ஆம் வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குச் சென்றார். நோயுற்று 1701இல் திரும்பும்வரை காட்டிலிருந்து புழுக்களைக் கொணர்ந்து, அவை தின்னும் இலையை நாள்தோறும் கொடுத்து, கூடு கட்டி இறக்கை முளைத்து வெளிவரும்வரை வளர்த்து வரைந்தார். 1705இல் வெளிவந்த அவருடைய ஓவியத் தொகுப்பில் புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி மூன்றும் அவற்றின் உணவுச்செடியோடு ஒரே தாளில் இருக்கின்றன. நேற்று நண்பர் காம்பைக் கிள்ளிக் காட்டியபோது நான் கற்ற பாடத்தை அவர் 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒவ்வொரு தாளிலும் வரைந்து வைத்திருக்கிறார்.

நண்பர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எல்லாத்துக்கும் இடம்தான் முக்கியம்னா, குறியோட வடிவம் எதுக்குமே உதவாதா?" உதவும். வட அமெரிக்காவில் தக்காளிச் செடியைத் தின்னும் இரண்டு கொம்புப்புழுக்கள் ஒன்றைப்போல் ஒன்று பச்சையாக, தடித்து இருக்கும். மண்டூக்கா செக்ஸ்டா என்னும் புழுவின் பக்கவாட்டில் 7 சாய்ந்த வெண்கோடுகள்; கொம்பு சிவப்பு. மண்டூக்கா குயின்குமாகுலாட்டாவின் பக்கவாட்டில் 8 கோணக்குறிகள், ஆங்கில எழுத்து வி படுத்துக் கிடப்பதுபோல, கொம்பு கருமை. இங்கே வடிவமே பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆனால் இங்கும் எத்தனை என்று எண்ணித்தான் ஆக வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நெமோரியா அரிசோனாரியா என்ற புழுவைவிட நல்ல சான்று இல்லை. வட அமெரிக்கக் கருவாலி மரத்தில் வாழும் அது, இளவேனிலில் பூங்கொத்தைத் தின்று பூங்கொத்தைப் போலவே மஞ்சளாகச் சுரசுரவென வளர்கிறது. கோடைத் தலைமுறையோ இலையைத் தின்று சாம்பல்பச்சைக் குச்சியைப்போல் வளர்கிறது. தின்னும் உணவில் உள்ள துவர்ப்புப் பொருளே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று 1989இல் எரிக் கிரீன் காட்டினார். ஒரே தாயின் பிள்ளைகளை இரண்டு இனம் என்று எழுதிவைக்க நிறம் ஒன்றே போதும்.

நான்காம் நாள்

மழை விட்டது. உச்சிமுகட்டை நோக்கி ஏறினோம்.

மழைக்குப் பிந்திய காலையில் புதர்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. முதலில் கண்டது ஒரு குச்சி. நடக்கும்போதுதான் அது புழு என்று தெரிந்தது. பின்னங்கால்களை முன்னங்கால்களின் அருகே கொண்டுவந்து உடலை வில்லாக வளைத்து, பிறகு முன்னே நீட்டி, சாண் வைத்து அளப்பதுபோல் நடந்தது. நிலத்தை அளப்பவை என்ற பொருள்பட ஜியோமெட்ரிடே என்று இக்குடும்பத்துக்குப் பெயர் வைத்ததன் காரணம் இந்த நடைதான். இதற்கு ஆறாம் வயிற்றுக் கண்டத்திலும் கடைசிக் கண்டத்திலும் மட்டுமே போலிக்கால்கள் உண்டு. நடுவில் ஒன்றுமில்லாததால் வளைந்தே ஆக வேண்டும். முன்னிரண்டு சோடிப் போலிக்கால்கள் மட்டும் சிறுத்தோ மறைந்தோ போன வேறு புழுக்கள் அரைவளைவாக நடக்கின்றன. ஆமணக்கு இலையைத் தின்னும் அத்தகைய புழுவைத் தமிழில் காவடிப்புழு என்கிறோம். உடல் வளைந்து நிற்பதை ஒரே சொல்லில் பிடித்துவிட்ட அந்தப் பெயரை வைத்தவர் புழுவை உற்றுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சற்று மேலே ஒரே இலையின் விளிம்பில் பத்துப் புழுக்கள் வரிசையாக நின்று, நாங்கள் நெருங்கியதும் எல்லாம் ஒன்றாக வாலைத் தூக்கின. வெளிர்பச்சை உடல், கருந்தலை. நண்பர் எந்த அந்துப்பூச்சி என்று கேட்டார். கால்களை எண்ணினேன்: உண்மைக் கால்களுக்குப் பின் ஒரே ஒரு கண்டம்தான் வெறுமையாக இருந்தது, இரண்டாம் வயிற்றுக் கண்டத்திலேயே போலிக்கால்கள் தொடங்கி, ஐந்து சோடிக்கு மேல் இருந்தன. தலையின் பக்கத்துக்கு ஒரே ஒரு கண், கருமணிபோல். அந்துப்பூச்சிப் புழுவாக இருந்தால் பக்கத்துக்கு 6 நுண்கண்கள் இருக்கும். ஆகவே இவை அந்துப்பூச்சியே அல்ல. குளவிகளின் உறவினமான ரம்ப ஈயின் புழுக்கள். இவற்றை எந்த அந்துப்பூச்சி நூலில் தேடினாலும் கிடைக்காது.

முகட்டின் அருகே, தாழ்ந்த ஒரு கிளையில், இன்றைய நாளின் மிக அழகான புழு இருந்தது. முதுகில் பல் துலக்கும் தூரிகையின் முடிக்கற்றைகளைப்போல் நான்கு குட்டையான, அடர்ந்த, மஞ்சள் வெண்மைக் கற்றைகள், முதல் நான்கு வயிற்றுக் கண்டங்களுக்கு ஒன்றாக. தலையின் இருபுறமும் முன்னோக்கி நீண்ட இரண்டு கருமுடிக் கொத்துகள். இதன் உண்மையான கையெழுத்து பின்னால் இருந்தது. ஆறாம், ஏழாம் வயிற்றுக் கண்டங்களின் முதுகு நடுவில், கண்டத்துக்கு ஒன்றாக, பளிச்சென்ற ஆரஞ்சுப் பொட்டுகள். அவை வெறும் நிறப்புள்ளிகள் அல்ல, வேண்டும்போது வெளியே பிதுக்கக்கூடிய சுரப்பிகள். கற்றைமுடிப் புழுக்களின் குலமான லைமான்ட்ரினேயை அடையாளம் காட்டுவது இந்த இரண்டு சுரப்பிகளும் அவை அமைந்த கண்டங்களும்தான். முடி உள்ள புழுக்கள் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. ஆறிலும் ஏழிலும் இந்தப் பொட்டு உள்ளவை இவை மட்டுமே.

நண்பர் கையை நீட்டினார், தடுத்துவிட்டேன். இவற்றின் முடி தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். கூட்டில் ஒட்டியுள்ள பழைய முடியும் அதே அளவுக்குத் தீங்கு செய்யும். போலிக்காலே இல்லாமல் அட்டைபோல் வழுக்கிச் செல்லும் லிமாகோடிடே குடும்பப் புழுக்களின் முட்கள் இதைவிட வலி தருபவை. தென் அமெரிக்காவின் லோனோமியா ஒப்லிகுவா என்ற புழுவின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்து உயிரையே பறித்திருக்கிறது. அதற்கு மாற்றுமருந்தைச் சாவ் பாவ்லோவில் உள்ள புட்டான்டன் நிறுவனம் தயாரிக்கிறது. பெயர் தெரியாத முடிப்புழுவையோ முட்புழுவையோ வெறுங்கையால் தொடாமல் இருப்பதும், முடி தைத்துவிட்டால் தேய்க்காமல் ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி எடுத்து முடியை அகற்றிவிட்டுக் கழுவுவதும் இத்துறையில் இறங்குபவர் முதலில் கற்க வேண்டியவை.

ஐந்தாம் நாள்

மலையின் மறுபுறம் இறங்கினோம். காடு முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் மக்காச்சோளம் இடுப்பளவு வளர்ந்திருந்தது. குருத்து இலைகளில் சல்லடையாகத் துளைகள்; குருத்துக்குள் ஈரமான மரத்தூள்போல் எச்சம் அடைந்து கிடந்தது. வயலுக்கு உரியவர் அனுமதி தந்ததோடு, ஒரு குருத்தைத் தாமே பிரித்துக் காட்டினார். உள்ளே பழுப்பும் சாம்பலும் கலந்த, 3 சென்டிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்று இருந்தது. கண்புள்ளி இல்லை, கொம்பு இல்லை, கண்ணைக் கவரும் நிறம் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பயணத்தில் பெயரைச் சரியாகச் சொல்லியே தீர வேண்டிய புழு இதுதான். பெயர் தவறினால் அவர் செய்யும் மருத்துவமும் தவறிவிடும்.

தலையின் முன்பக்கத்தில் வெளிறிய கோடு, ஆங்கில எழுத்து ஒய் தலைகீழாக நிற்பதுபோல் இருந்தது. படைப்புழுவுக்கு அடையாளமாகப் பலரும் சொல்வது இதைத்தான். ஆனால் வேறு பல புழுக்களின் தலையிலும் இதே கோடு மங்கலாகவோ தெளிவாகவோ இருக்கும். நான் வால்பக்கம் திரும்பினேன். எட்டாம் வயிற்றுக் கண்டத்தின் முதுகில் நான்கு கரும்புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டை முடியோடு, சதுரத்தின் நான்கு மூலைகளைப்போல் இருந்தன. மற்ற வயிற்றுக் கண்டங்களிலும் நான்கு புள்ளிகள் உண்டு. ஆனால் அங்கே முன்னிரண்டு நெருங்கியும் பின்னிரண்டு விலகியும் சரிவகமாக நிற்கும், அளவிலும் சிறியவை. எட்டாம் கண்டத்தில் மட்டும் அவை பெருத்துச் சதுரமாகின்றன. கைவில்லையை அவரிடம் கொடுத்தேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நாலு புள்ளி, கட்டம் போட்ட மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு வரியில் ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டாவின் அடையாளம் முழுவதும் அடங்கிவிட்டது.

அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இந்தப் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் முதன்முதலாக அறியப்பட்டது. அதன் பின் ஆசியாவின் பல நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவிவிட்டது. பரவிய ஒவ்வொரு நாட்டிலும் வயலில் நிற்பவர் உடனே பயன்படுத்தக் கூடிய சான்று, எட்டாம் கண்டத்தின் இந்தச் சதுரமே. இதே செடியில் வேறு படைப்புழுக்களும் தண்டுத் துளைப்பான்களும் இருக்கும். எல்லாம் ஏறக்குறைய இதே பழுப்பு.

ஆறாம் நாள்

அடிவாரத்தைச் சுற்றி நடந்து, பிற்பகலில் தட்டைப் பாறைக்குத் திரும்பினோம். பாறையின்மேல் புதிய எச்சம் இல்லை. பழைய மணிகள் மழையில் கரைந்து பச்சைக் கறைகளாகியிருந்தன. கொடி முழுவதும் தேடியும் பழுப்புப் புழு கிடைக்கவில்லை. முழு வளர்ச்சி பெற்ற ஹிப்போடியான் புழு உணவை விட்டுவிட்டுத் தரைக்கு இறங்கி, சருகுகளைப் பட்டிழையால் தளர்வாகப் பிணைத்து, அதற்குள் கூட்டுப்புழுவாகும். கொடியின் அடியில் சருகுகள் ஒரு சாண் ஆழத்துக்கு இருந்தன. கிளறவில்லை, எங்கோ அதற்குள் அது இருந்தால், நாங்கள் மிதிப்பதே அதற்குத் தீங்கு.

புறப்படும் முன் நண்பர் ஓர் இளந்தளிரை மெல்லப் புரட்டினார். அடிப்பக்கத்தில் ஒரு கூட்டல் குறியின் அளவுகூட இல்லாத புழு ஒன்று, உடலோடு ஒப்பிட்டால் மிக நீண்ட கருங்கொம்போடு, இலையின் நடுநரம்பை ஒட்டி அமர்ந்திருந்தது. கைவில்லையின் கீழ் முன்னிருந்து பின்னாக, கால்களை அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு கண்டமாகப் பார்த்தேன். முதல் வயிற்றுக் கண்டத்தில் எதுவும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. கண்புள்ளிகள் தோன்ற அது இன்னும் தோலுரிக்க வேண்டும். குறியேட்டில் நாளையும் கொடியையும் கொம்பின் நிறத்தையும் எழுதி, பெயருக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தளிரை முன்பிருந்தபடியே திருப்பி வைத்தேன்.